மஸீனா ராத்தா சேர்த்த கெசட் செட்டுகள்

1. வாளித் தண்ணீர்

கடல் ஊருக்குள் வந்து போன மறு கிழமை கடையைத் திறந்தேன். கல்முனை பஸாரில் மெயின் ரோட்டுப் பக்கம் இருந்ததால் என் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் திறந்த அன்றே வாசலில் ஆட்கள் நின்றார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதிலுமிருந்து நனைந்த சாமான்கள் வந்தன. டிவி, ஃபேன், அயன் பொக்ஸ், அவற்றோடு பெரிய கெசட் செட்டுகள். தோளில் தூக்கி வைத்தால் தூக்குகிறவரின் முகம் தெரியாத, எட்டுப் பெட்டரி போடுகிற ஜப்பான் செட்டுகள். எண்பதுகளில் குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் கொண்டுவந்தவை.

கடல் தண்ணீர் புகுந்த செட் எதையும் எடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். மழையில் நனைந்த செட்டைக் காயவைத்துப் போட்டுவிடலாம். உப்பு அப்படி விடாது. தண்ணீர் வற்றிய பிறகும் உப்பு போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் ஈரம் கூடுகிற நாளில் மறுபடி அரிக்கும். இன்று திருத்திக் கொடுத்தால் அடுத்த மாதம் அதே செட் திரும்பி வரும். கஷ்டத்தில் இருக்கிற சனத்திடம் அப்படி ஒரு வேலையைச் செய்துகொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரத்தில்தான் சாய்ந்தமருதிலிருந்து மஸீனா ராத்தா வந்தார், வயதில் எனக்கு அக்கா. அவருடைய தம்பி இஸ்மாயில் சைக்கிள் கரியரில் செட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ராத்தாவின் வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. அவர் குவைத்தில் வீட்டுவேலை செய்த வருஷங்களில் பிள்ளைகளை வளர்த்த உம்மாவும் தண்ணீரில் மௌத்தாகிவிட்டார். செட் மட்டும் இரண்டு வளவு தள்ளி முள்ளுக்கம்பியில் மாட்டிக் கிடந்ததாம்.

எனக்கு இது ஏலாது என்று காரணத்தோடு சொன்னேன். ராத்தா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"தம்பி, துறந்து பாக்காம ஏலா எண்டு செல்லாதீங்க. துறந்து பாத்துட்டு ஏலா எண்டா நான் போறன்."

நியாயமான பேச்சு. திறந்தேன். உள்ளே மணலும் சின்னச் சிப்பிகளும் இருந்தன. செட்டைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் அள்ளி அதன் மேலேயே ஊற்றினேன். இஸ்மாயில் பதறிவிட்டான். நனைந்த செட்டை மறுபடி நனைக்கிறேனே என்று அவனுக்கு. உப்பை எடுக்க நல்ல தண்ணீரை விட்டால் வேறு மருந்து இல்லை என்று விளக்கினேன். கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி கழுவி, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நிழலில் காயவைத்தேன். ட்ரான்ஸ்போமரைக் கழற்றி எறிந்தேன். ஒரு ஸ்பீக்கரின் பேப்பர் கூழாகியிருந்தது, அதையும் மாற்றினேன். மோட்டரைப் பிரித்துத் துரு எடுத்தேன்.

செட் பேசியது. றேடியோ சரியாக வேலை செய்தது. இரண்டு கெசட் கதவில் ஒன்று ஓடியது. ராத்தா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குமிழைத் திருப்பி ஸ்டேசன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிற்பாட்டிவிட்டு "சரி" என்றார். அவ்வளவுதான். இஸ்மாயில் தூக்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து உப்புச் செட்டுகளையும் எடுத்தேன். அடுத்து வந்த வருஷங்களில் இந்தக் கரையில் கடல் குளித்த செட்டைத் திருத்த வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வந்தார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

2. இது நயீமாட செட்

இரண்டு மாதம் கழித்து ராத்தா மறுபடி வந்தார். கையில் வேறொரு செட். இது நயீமாவுடையது என்றார். பிறகு ஹஸீனாவுடையது ஒன்று. பிறகு நிந்தவூரில் ஒருத்தருடையது. எல்லாம் கெட்டுப்போனவை. சிலவற்றைக் கேட்டு வாங்கியிருந்தார். சிலவற்றைக் குப்பைக்குப் போட வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து வந்திருந்தார்.

ராத்தா வியாபாரம் தொடங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். வாங்கித் திருத்தி விற்கிறவர்கள் அப்போது இருந்தார்கள். அதனால் விலை போகட்டும் என்று மூன்றாவது செட்டுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, துருப்பிடித்த கிறிலைப் புதிதுபோல ஆக்கிக் கொடுத்தேன். நன்றாகவும் வந்திருந்தது. ராத்தா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்புப் பட்ட இடத்த ஏன் தம்பி மறச்சீங்க? இனிமேப் பெயின்ட் வேணா. கதச்சாப் போதும்."

அதற்குப் பிறகு நான் பெயின்ட் அடிக்கவில்லை. ஆனால் ஏன் என்று விளங்கவும் இல்லை. விற்கப் போகிறவர் அப்படிச் சொல்லமாட்டாரே.

அந்த வருஷங்களில் ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவதே வேலையாக இருந்தது. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் ஒரு செட்டைக் கொண்டுவந்தபோது சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். பெட்டரிப் பெட்டியைத் திற என்றார்கள். திறந்தேன். பின்மூடியையும் கழற்று என்றார்கள். ரோட்டோரத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினேன். பார்த்துக்கொண்டு நின்ற ஆமிக்காரர் கடைசியில் தன் ஊரில் தன் மாமாவிடமும் இப்படி ஒன்று இருந்தது என்று சிங்களத்தில் சொன்னார். மூடியைப் பூட்டும்போது ஸ்குரூக்களைக் கையில் ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

3. தகரக் கொட்டில்

ஒருநாள் இஸ்மாயில் தனியாகக் கடைக்கு வந்தான். சுனாமி முகாமில் அக்காவுக்குக் கொடுத்த தகரக் கொட்டிலில் படுக்க இடமில்லாமல் செட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார் என்றான். முகாமைப் பார்க்கிற உத்தியோகத்தர் இரண்டு தரம் சொல்லிவிட்டாராம். சனம் சிரிக்கிறதாம். சுனாமியில் மூளை குழம்பிவிட்டது என்று பெண்டுகள் கதைக்கிறார்களாம். பழைய இரும்பு ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவர் மொத்தமாக எடுக்கத் தயார். "நீங்க செல்லுங்க காக்கா, நீங்க செல்லிக் கேப்பா" என்று என்னை அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினான்.

அவனுக்காகத்தான் போனேன். அக்காவை அவமானத்திலிருந்து காப்பாற்ற நினைத்தானே தவிர, காசுக்காக அவன் அலையவில்லை.

கொட்டிலுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. மூன்று பக்கமும் பலகை அடித்து, செட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் முகமும் வாசலைப் பார்த்தபடி. நடுவில் ஒரு பாய் போடுகிற அளவு இடம். நான் லொறிக்காரரைப் பற்றிச் சொன்னேன். ராத்தா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ஒவ்வொரு செட்டாகக் கையை வைத்துச் சொல்லிக்கொண்டு போனார். இது நயீமா, றியாத்தில் ஒரு பெரிய வீட்டில் தனியாக எல்லா வேலையும் பார்த்தவள். இது ஹஸீனா, முதல் வருஷம் சம்பளமே கொடுக்காமல் வைத்திருந்தார்கள். இது பரீதா, குழந்தையை நாற்பது நாளில் விட்டுவிட்டுப் போனவள். இப்படியே கடைசி வரைக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாங்க உழைச்ச காசில ஊடு கட்டினம். பிள்ளையளுக்கு நக செய்தம். ஊடும் போயிட்டு, நகையும் போயிட்டு. நாங்க போய்க் கஷ்டப்பட்டம் எண்டு காட்ட இந்த ஊருல இப்ப என்ன இரிக்கு தம்பி? இதுகள் மட்டுந்தான் இரிக்கு. இரும்புக்காரனுக்குக் குடுக்கச் செல்றீங்களா?"

நான் இஸ்மாயிலைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு, பலகை அடிக்க ஆணி போதவில்லை என்றால் தான் கொண்டுவருவதாகச் சொன்னான். உத்தியோகத்தரிடமும் அவனே போய்ப் பேசினான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் தன் கடைப் பின்னறையில் பாதிச் செட்டுகளை வைக்க இடம் கொடுத்தார். பிரச்சினை அடங்கியது.

பழைய கெசட் செட்டை எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று இப்போது என்னிடம் பலர் கேட்கிறார்கள். சத்தம் நல்லது, பழைய காலத்துச் சத்தம் இப்போது வராது என்று சேர்க்கிறவர்களே சொல்வார்கள். நான் நம்புவதில்லை. முப்பது வருஷம் அதன் சத்தத்தைக் கேட்டவன் நான். பெரும்பாலான செட்டுகளின் சத்தம் சுமார்தான். அறுகம்பையில் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் தோளில் வைத்துப் படம் எடுப்பதற்காகவே ஒன்று வாங்கினார். கல்யாண வீடுகளுக்கு லைட் கட்டுகிற ஒருவர், தன் முதல் காதலை அந்தச் செட்டில் பாட்டுப் போட்டுத்தான் வென்றதாகச் சொல்லி ஒன்று வாங்கினார். சேர்க்கிறவர் எவரும் சத்தத்துக்காகச் சேர்ப்பதில்லை.

4. எடுக்க வராத செட்

சுனாமிக்குப் பின் வந்தவற்றில் ஒரு செட் என் அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. பாண்டிருப்பு மீனவர் யோகன் கொண்டுவந்து கொடுத்தது. மற்றவற்றைப்போல அது அடிபடவில்லை. முன்பக்கத்து ஸ்டிக்கர்கூடப் போகவில்லை. கழுவித் திருத்திவைத்தேன். ஆனால் யோகன் எடுக்க வரவில்லை. அவருடைய முகாம் இடம் மாறியது. பிறகு குடும்பத்தோடு மனைவியின் ஊரான தம்பிலுவிலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் மஸீனா ராத்தா கடையில் நின்றபடி மேலே பார்த்தார். அதை இறக்கச் சொன்னார். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பொலிஷால் வைத்த புள்ளி ஒன்று இருந்தது.

"இது பரமேஸ்வரிட" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கதை தெரிந்தது. யோகனின் அக்கா பரமேஸ்வரியும் ராத்தாவும் ஒரே விமானத்தில் குவைத் போனவர்கள். ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்து வேலை செய்தார்கள். வரும்போது ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு செட் வாங்கினார்கள். மாறிப்போகாமல் இருக்க ஒன்றில் நகப்பொலிஷ் வைத்தார்கள். ஊருக்கு வந்த பிறகும் போக்குவரத்து இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுப் பக்கம் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நடந்தவற்றோடு அது நின்றுபோனது. இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை. போகப் பயந்தார்கள். பிறகு போகாமலிருந்து பழகிவிட்டது.

அதைத் தனக்குத் தரச் சொன்னார் ராத்தா. பரமேஸ்வரி வந்தால் கொடுத்துவிடுவதாக. நான் மறுத்துவிட்டேன். ஒருவர் கொண்டுவந்து தந்த பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. என் கடையில் அதற்கு விதிவிலக்கே கிடையாது. ராத்தாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த முறை வந்தபோது, முதலில் மேல்தட்டைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

யுத்தம் முடிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. தம்பிலுவில் பக்கம் போய் விசாரிக்கிற மாதிரி அந்த வருஷங்கள் இருக்கவில்லை. பரமேஸ்வரி மறுபடி வெளிநாடு போய்விட்டார் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். வீடு இழந்தவர், தம்பி குடும்பத்தையும் தாங்க வேண்டியிருந்திருக்கும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் யோகனே கடைக்குள் வந்தார். செட் இன்னும் இருக்கிறதைக் கண்டு, எறிந்திருப்பேன் என்று நினைத்ததாகச் சொன்னார். அக்கா வந்துவிட்டா, தன்னோடுதான் இருக்கிறா என்றார். வீட்டுக்கு வழியும் சொன்னார். செட்டை எடுத்துப் போங்கள் என்றேன். அக்காவைக் கேட்காமல் வேண்டாம் என்று வெறுங்கையோடு போனார். அது எனக்குக் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது; அதனால் ராத்தாவிடமும் அப்போதைக்குச் சொல்லவில்லை.

5. கொழும்பிலிருந்து வந்த ருவன்

பாதைகள் திறந்ததும் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதில் ஒருவர் ருவன். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. குடும்பத்தோடு அறுகம்பைக்கு வந்தவர், கிழக்கில் பழைய செட்டுகள் நிறைய இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு தன் வேனில் கல்முனை வரைக்கும் வந்துவிட்டார். தொழில் பழகிய காலத்தில் நான் கொழும்புப் புறக்கோட்டையில் இருந்தவன், சிங்களம் நன்றாகப் பேசுவேன். அதனால் பேச்சு இலகுவாக ஓடியது.

பரமேஸ்வரியின் செட்டைக் கண்டதும் அவர் அலுமாரிக்குக் கிட்டப் போனார். அந்த மொடலை ஸ்டிக்கரோடு தேடி எத்தனையோ ஊர் அலைந்தாராம். உரிமையாளர் இருக்கிறார், நான் விற்க முடியாது என்றேன். கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். பட்டனை அமர்த்தினார். கெசட் கதவு மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கியது. மூடினார். மறுபடி அமர்த்தினார்.

வாங்கிய செட்டுகளில் பாட்டுக் கேட்பாரா என்று கேட்டேன். கேட்பதில்லை என்றார். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இப்படி ஒன்று இருந்ததாம். இவர் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாராம். ஒருநாளும் அவர்கள் உள்ளே கூப்பிட்டதில்லை. இந்தக் கதவு இறங்குவதை மட்டும் ஜன்னலால் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரு செட்டை எடுத்து அந்தப் பட்டனைத்தான் அமர்த்துவாராம்.

மனிதர் உண்மையைப் பேசுகிறார் என்று பட்டது. உரிமையாளர் தம்பிலுவிலில் இருக்கிறார் என்றேன். நான் ஏற்றிக்கொண்டு போகிறேன், வாருங்கள் என்றார். நான் மஸீனா ராத்தாவுக்குப் போன் போட்டேன். முதலில் கேட்டவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் இந்தப் பயணம் போகக்கூடாது. சாய்ந்தமருதில் வீட்டுத் திட்ட வாசலில் இஸ்மாயிலையும் கூட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

6. தம்பிலுவில்

யோகனின் வீட்டு முற்றத்தில் பரமேஸ்வரி மீன்வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேனிலிருந்து இறங்கிய ராத்தாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் மூன்று ஆண்களும் வேலியோரமாகத் தள்ளி நின்றோம். உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி வந்த பிறகுதான் செட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

பரமேஸ்வரியின் முகம் மாறியது.

"இதயா தம்பி இவ்வளவு காலமும் வெச்சிருந்தீங்க?"

ராத்தா தான் சேர்க்கிற செட்டுகளைப் பற்றிச் சொன்னார். இதுவும் மற்றவற்றோடு இருக்க வேண்டும், உன் பேரும் இருக்க வேண்டும் என்றார். பரமேஸ்வரி செட்டைத் தொடவே இல்லை.

"மஸீனா, நீ உழைச்சு ஊடு கட்டினாய். பிள்ளையளக் கரசேத்தாய். நான் அனுப்பினதெல்லாம் அந்த மனிசன் குடிச்சு முடிச்சிட்டார். நான் வந்து இறங்கக்குள்ள மகளுக்கு என்ன ஆரெண்டு தெரியல்ல. மாமியிர சீலைக்குப் பின்னால போய் ஒளிச்சாள். அண்டைக்கு என்ட கையில கிடந்தது இது ஒண்டுதான்." மேசையில் இருந்த செட்டைப் பார்த்தார். "சுனாமிக்குப் பொறகு ஊடு கிடந்த இடத்தில போய்ப் பாத்தா, எல்லாம் போய் இது மட்டும் கிடக்கு. கடல் இதக் கொண்டு போயிருக்கலாம். கண்ணில படாமப் போகட்டும் எண்டுதான் தம்பியிட்டக் குடுத்து விட்டன். திருத்துறதுக்கில்ல."

யோகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போன காரணம் அப்போது விளங்கியது.

"நான் உனக்காகத்தான் கேட்டன்" என்றார் ராத்தா.

"எனக்காகக் கேக்கிறதெண்டா விட்டிடு மஸீனா."

ராத்தா மேசையிலிருந்து கையை எடுத்தார். அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் செட்டின் மேல் அவர் வருஷக்கணக்காகக் கண் வைத்திருந்தார். பரமேஸ்வரி ருவனைக் காட்டி, இவர் எதற்கு வந்தவர் என்று கேட்டார். நான் மதில் கதையைச் சொன்னேன். கதவு இறங்குவதைச் சொன்னேன். பரமேஸ்வரி முதன்முதலாகச் சிரித்தார். அந்தக் கதவுக்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த மொடலை வாங்கினோம் என்று ராத்தாவைப் பார்த்துச் சொன்னார். ராத்தாவும் ஓமென்று தலையாட்டினார்.

"இவர் கொண்டு போகட்டும்" என்றார் பரமேஸ்வரி. "இதால எந்தக் கவலையும் இல்லாத ஊட்டில இருக்கட்டும்."

விலையை அவர்களே பேசி முடித்தார்கள். ருவன் வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, கைப்பிடி பழையது, அடியில் கைகொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள் என்று ராத்தாதான் எனக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது அக்கரைப்பற்று தாண்டும் வரைக்கும் ராத்தா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் யாரிடமும் கேட்கவில்லையே என்றார். என்ன என்று கேட்டேன். மற்றப் பெண்டுகள் தந்தார்கள், நான் வாங்கினேன். அவர்களுக்கு அது வேணுமா வேணாமா என்று ஒருநாளும் கேட்கவில்லை என்றார்.

அடுத்த மாதங்களில் அவர் இஸ்மாயிலோடு வீடு வீடாகப் போய்க் கேட்டார். பலர், உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். பரீதா, தன் செட் பேசுகிறது என்று தெரிந்ததும் அழுதுகொண்டு திருப்பி வாங்கிப்போனார். ஹஸீனாவும் வாங்கிப்போனார். சேர்த்தது குறைந்ததில் ராத்தாவுக்குக் கவலை இருந்ததாக நான் காணவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பரமேஸ்வரி சாய்ந்தமருதுக்கு வந்தார். அன்றிலிருந்து போக்குவரத்து நிற்கவில்லை. குவைத்தைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை என்று இஸ்மாயில் சொன்னான். கதைக்க வேறு எவ்வளவோ இருக்கிறதாம்.

7. தொழில் பழகுகிறவர்களுக்கு

ருவன் சில மாதம் கழித்துப் போன் எடுத்தார். தன் செட்டுகளுக்குக் கீழே யார் பாவித்தது என்று எழுதி வைக்கிறாராம்; அந்த அம்மாவின் பேரைப் போடலாமா என்று கேட்டார். பரமேஸ்வரியிடம் கேட்டுச் சொன்னேன். பேர் வேண்டாம், ஊரைப் போடச் சொல்லுங்கள் என்றார். 'பாண்டிருப்பு' என்று எழுதிப் படம் அனுப்பியிருந்தார் ருவன். நான் பரமேஸ்வரிக்குக் காட்டினேன். எழுத்து வடிவாக இருக்கிறது என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெல்ட் மாற்றவும் ஹெட் துடைக்கவும் எவரும் பழகலாம். ஆனால் ஒரே செட்டை ஒருவர் பேசவேண்டும் என்று கொண்டுவருவார். ஒருவர் ஸ்டிக்கர் உரியக்கூடாது என்று கொண்டுவருவார். ஒருவர் கண்ணில் படக்கூடாது என்று கொண்டுவருவார். மூன்றும் மூன்று வேலை. பின்மூடியைக் கழற்ற முதல், உங்களுக்கு இது என்னத்துக்கு என்று கேட்கவேண்டும். கேட்காமல் செய்கிற வேலை, கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் பாதி வேலைதான்.

போன மாதம் இறக்காமத்திலிருந்து ஒரு விவசாயி பெரிய செட் ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கம்போலக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"தெரியா காக்கா. எறிய மனம் வரல்ல."

அது போதும் என்றேன். திறந்து வேலையைத் தொடங்கினேன்.